முப்பத்தைந்து சதுர அடிக் கிணற்றடி

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் இரண்டு சோதனைகளைச் சொல்லிவைத்தார்கள். அவர்கள் காலத்தில் தொடர்மாடி வீடுகள் இருந்திருக்குமானால், குளியலறையைத் திருத்திப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பது என் துணிபு. கலியாணத்தில் ஒருவாறு தேறியவன் நான். வீட்டைக் கட்டவில்லை, கடன்பட்டு வாங்கினேன். மூன்றாவது சோதனையிலோ ஒரு தடவை தவறி, மறு தடவையே தேறினேன். அந்த அனுபவம் சிறிய வீடுகளில் வாழும் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் உதவக்கூடும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிகிறேன்.

குளியலறையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று முகஞ் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள்க. ஒரு வீட்டாரின் செல்வத்தை அவர்களுடைய விறாந்தையைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். அவ்வீட்டில் முதியோருக்கு உள்ள இடத்தை அறிய வேண்டுமானால் குளியலறையைத்தான் பார்க்க வேண்டும். இது நான் புத்தகத்தில் படித்ததன்று, பட்டறிந்தது.

கைகூப்பிக் குளித்த கதை

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், நான்காம் மாடியில் எங்கள் வீடு இருக்கிறது. அதன் குளியலறை 5 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்டது. கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் எனக்குப் பரப்பளவைச் சொல்லாமல் இருக்க இயலாது: 35 சதுர அடி.

அந்த 35 சதுர அடிக்குள்ளே நாங்கள் வைத்திருந்தவற்றை இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. ஒரு கொமட், தூண் போன்ற காலுடன் நின்ற முகங்கழுவும் தொட்டி, சலவை இயந்திரம், நீர் நின்றுபோகும் நாட்களுக்கென ஒரு நீலநிறப் பீப்பா, அழுக்குத் துணிக் கூடை, மூன்று வாளிகள், உடைந்தும் எறியப்படாத ஒரு முக்காலி. சுவர்களில் பாதி உயரம்வரை கரும்பழுப்பு நிற மாபிள். யன்னல் ஒன்று இருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் எதிர்மாடியில் இருப்போர் பார்த்துவிடாதபடி அதன் கண்ணாடியில் தடித்த தாள் ஒட்டி, அதன் படியில் வெற்றுப் போத்தல்களையும் அடுக்கியிருந்தோம். பகலிலும் மின்குமிழை எரித்தே உள்ளே போக வேண்டும்.

நாங்கள் அதனை ஒரு குறையாக எண்ணியதில்லை. கல்லூரிக்கு விரையும் நானும், அலுவலகத்துக்கு விரையும் என் மனைவியும், பாடசாலைக்கு விரையும் பிள்ளைகளும் ஐந்து நிமிடங்களில் குளித்து வெளியேறுபவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், தந்தையார் காலமான பின் தனித்திருந்த என் தாயாரை நீர்வேலியிலிருந்து அழைத்து வந்தபோதுதான் அந்த அறை அறையாகவே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

வந்த முதல் நாள் குளித்துவிட்டு வெளியே வந்த அம்மா, துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

"உது குளிக்கிற இடமில்லை ராசா, கும்பிடுற இடம். இரண்டு கையையும் சேத்து வைச்சுக்கொண்டெல்லோ நிக்கவேண்டிக் கிடக்கு."

நாங்களும் சிரித்தோம். முழங்கையை விரித்தால் ஒரு புறம் சலவை இயந்திரமும் மறு புறம் பீப்பாவும் இடிக்கும் அறையிலே, கைகூப்பி நிற்பதைத் தவிர வேறு வழி இல்லைத்தான். ஆனால் அந்தச் சிரிப்பின் பின்னே ஓர் இழப்பு இருந்தது என்பதை அன்று நான் உணரவில்லை.

நீர்வேலியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் நினைவுக்கு வரும். ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், மழைநீர் சுண்ணக்கற்பாறைகளின் இடுக்குகளில் இறங்கித் தங்குவதாலேயே கிணறுகள் வாழ்கின்றன. கிணறுகளாலேயே ஊர் வாழ்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றடியும் அவ்வூரின் மற்றக் கிணற்றடிகளைப் போன்றதுதான். துலாவில் அள்ளும் வாளி, சாய்வாகக் கட்டிய சீமெந்துத் தரை, துணி துவைக்கும் கல், மூன்று புறமும் கிடுகு வேலி, மேலே வானம். தோய்ந்த நீர் சிறிய வாய்க்கால் வழியே வாழைகளுக்குப் போகும். அம்மா வெள்ளிக்கிழமைகளில் அரப்பு வைத்து முழுகுவதற்கு ஒரு மணி நேரம் எடுப்பார். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. கணவரோ பிள்ளைகளோ மாமியாரோ உரிமை கோராத ஒரே நேரம் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

குழாயடியும் வானமும்

பெரிய கிணற்றடியில் பழகியவருக்குச் சிறிய அறை நெருக்கமாகத் தோன்றுவது இயல்புதானே என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அந்த விளக்கம் பொருந்தவில்லை. ஏனெனில் அம்மா இதனினும் சிறிய இடத்தில் குளித்தவர்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின், அலைந்து திரிந்து, 1997இல் நாங்கள் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்றோம். ஒரே வளவினுள் வரிசையாக ஆறு அறைகள், ஆறு குடும்பங்கள், முற்றத்தில் ஒரேயொரு குழாய். லபுகமையிலிருந்து குழாய் நீர் கொழும்புக்கு வந்தது 1880களில். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் எங்கள் ஆறு குடும்பங்களுக்கு ஒரு குழாயாகத்தான் அது வந்து சேர்ந்திருந்தது. குழாயைச் சுற்றி 4 அடி நீளமும் 3 அடி அகலமுமான சீமெந்துத் தளம். மூன்று புறமும் தகரத் தடுப்பு. நான்காம் புறம் சேலையொன்றைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மற்றவர்கள் வரிசையில் வரும் முன்னர் அங்கே குளித்துவிடுவார். அந்நாளைய வாழ்வைப் புகழ்வது என் நோக்கமன்று. இளம்பெண்ணாயிருந்த என் தமக்கை அந்தத் தகரத் தடுப்பின் பின்னே நடுங்கி நடுங்கிக் குளித்ததை நான் அறிவேன். ஆனால் அம்மா ஒருநாளேனும் அந்த இடம் நெருக்கம் என்று சொன்னதில்லை. "மேல வானம் தெரியுது, காணும்" என்பார்.

கணித ஆசிரியனாகிய என்னை இது குழப்பியது. கொட்டாஞ்சேனைக் குழாயடி 12 சதுர அடி. வெள்ளவத்தைக் குளியலறை 35 சதுர அடி. பன்னிரண்டில் கைவீசிக் குளித்தவர் முப்பத்தைந்தில் கைகூப்பி நிற்கிறார். பன்னிரண்டு எவ்வாறு முப்பத்தைந்திலும் பெரிதாகும்?

கண்ணாடி செய்த மாயம்

இந்தக் கேள்விக்கு விடை காணும் முன்னரே நான் செலவு செய்யத் தொடங்கிவிட்டேன். அதுதான் என் முதற்பிழை. குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையொன்றில், பளபளப்பான பெரிய தரையோடுகளும் சுவரளவு கண்ணாடியும் எந்தச் சிறிய அறையையும் இரண்டு மடங்காகக் காட்டும் என்று சொன்னார்கள். கடையில் அவ்வாறுதான் தோன்றியது. கடையில் எவரும் குளிப்பதில்லை என்பதை நான் நினைக்கவில்லை.

தரையில் முகம் பார்க்கலாம் போன்ற வெண்ணிற ஓடுகளும், ஒரு சுவர் முழுவதும் கண்ணாடியும் வந்தன. சலவை இயந்திரமும் பீப்பாவும் கூடைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணாடியில் அவை இரண்டு மடங்காகத் தெரிந்தன! முன்னர் ஒரு பீப்பாவுடன் குளித்தோம். இப்போது இரண்டு பீப்பாக்களுடன் குளித்தோம்.

அம்மாவுக்கு அந்தக் கண்ணாடி பெருந்தொல்லையாயிற்று. வாழ்நாள் முழுவதும் குறுக்குக்கட்டுடன் தனிமையில் குளித்த அவருக்கு, எதிரே ஒருவர் நிற்பது போலிருந்தது. "ஆர் உந்தக் கிழவி, நான் குளிக்கேக்கை பாத்துக்கொண்டு நிக்கிறது?" என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டார். பின்னர் கண்ணாடிக்கு முதுகு காட்டியே குளிக்கலானார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவ்வாறு திரும்பி நின்றவரின் கால் அரப்பு நீரில் வழுக்கிவிட்டது. பளபளப்பான ஓடு காய்ந்திருக்கும்போது அழகு, நனைந்தால் பனிக்கட்டி. உள்ளே சத்தம் கேட்டு ஓடினோம். அம்மா நல்லவேளையாகத் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஆயினும் கதவு இரண்டங்குலத்துக்கு மேல் திறக்கவில்லை. உட்புறமாகத் திறக்கும் அந்தக் கதவை, விழுந்து கிடந்த அவரது உடலே தடுத்துக்கொண்டிருந்தது. வலிந்து தள்ளினால் அவரையே நசுக்க நேரிடும்.

கால் மணி நேரம். என் மனைவி தரையில் படுத்து, அந்த இரண்டங்குல இடுக்கின் வழியாக, "மாமி, அவசரப்படாதேங்கோ. மெல்ல மெல்லக் காலை மடக்குங்கோ" என்று பேசிக்கொண்டேயிருந்தாள். அம்மா சிறிது சிறிதாக நகர்ந்து கதவுக்கு வழிவிட்டார். மணிக்கட்டு ஒன்று முறிந்திருந்தது. இடுப்பு தப்பியது தெய்வாதீனம்.

முறிந்த எலும்பு ஆறு வாரங்களில் பொருந்திற்று. பொருந்தாதது வேறொன்று. அம்மா குளிப்பதைக் குறைத்துவிட்டார். "இண்டைக்குக் குளிர்", "தடிமன் பிடிக்கும்", "பிறகு பாப்பம்" என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டு. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, குளித்தவரைப் போல் திருநீறு பூசிக்கொண்டு வந்து அமர்வார். கூழானாலும் குளித்துக் குடி என்று எங்களை வளர்த்தவர், குளித்ததாக எங்களுக்குப் பொய் சொன்னார். எனக்கு அந்த விழுகையைக் காட்டிலும் அந்தப் பொய்யே அதிகம் வலித்தது.

கதவின் கணக்கு

இரண்டாந் தடவை நான் கடைக்குப் போகவில்லை. அளவுநாடாவும் கடதாசியும் எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் அமர்ந்தேன். எங்கள் தொடர்மாடியில் வேலை செய்து பழகிய பாஸ் ஒருவரையும் வருவித்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சேர், முதல்ல கதவைத் திருப்பிப் போடுவோம்" என்றார்.

ஏன் என்று கேட்காமலே எனக்கு விளங்கிவிட்டது. கதவின் அகலம் 2½ அடி. அது உள்நோக்கித் திறக்கும்போது 2½ அடி ஆரையுள்ள கால்வட்டம் ஒன்றைத் தரையில் வரைகிறது. மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம்: ஏறத்தாழ 5 சதுர அடி. கதவு திறந்து மூடுவதற்காக அந்த 5 சதுர அடியில் எதனையும் வைக்க முடியாது. எவரும் நிற்கவும் முடியாது. 35 சதுர அடியில் 5. அதாவது அறையின் ஏழில் ஒரு பங்கைக் கதவே விழுங்கியிருந்தது! பிணைச்சலை மாற்றிக் கதவை வெளியே திறக்கச் செய்தவுடன், ஒரு செங்கல்லையும் அசைக்காமல் அந்த ஏழில் ஒரு பங்கு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. யாராவது உள்ளே விழுந்தாலும் இனிக் கதவு தடைப்படாது. வெளியே திறக்க நடையில் இடமில்லாத வீடுகளில், பக்கவாட்டில் நகரும் கதவு அதே பலனைத் தரும்.

அடுத்ததாக, குளிப்பதற்குத் தேவையற்ற அனைத்தையும் வெளியேற்றினோம். சலவை இயந்திரம் சமையலறைப் பின்கட்டுக்குப் போயிற்று. தொடர்மாடியின் நீர்த்தாங்கி திருத்தப்பட்ட பின் தேவையற்றுப்போன பீப்பா கீழே இறங்கியது. கூடை படுக்கையறைக்குப் போயிற்று. காலுள்ள முகங்கழுவும் தொட்டிக்குப் பதிலாகச் சுவரில் தொங்கும் சிறிய தொட்டி மூலையில் வந்தது. இதிலே ஓர் உண்மையைக் கண்டுகொண்டேன். ஓர் அறையின் அளவை நம் கண் சுவர்களைக் கொண்டு அளப்பதில்லை. தெரியும் தரையைக் கொண்டே அளக்கிறது. தொட்டியின் கீழே தரை தொடர்ந்து சுவர்வரை போவது கண்ணுக்குத் தெரிந்தால் அறை நீளுகிறது. ஒரு கூடை அதனை மறைத்தால் அறை அந்தக் கூடையோடு முடிந்துவிடுகிறது.

வெளிச்சத்தின் வழி

இவ்வளவும் செய்த பின்னரும் ஏதோ ஒன்று குறைந்தது. அது என்னவென்று தெரிந்துகொண்டது கொள்ளுப்பிட்டியில்.

எங்கள் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். 1919இல் பிறந்து 2003இல் மறைந்த பாவாவின் கைவண்ணத்தை அறிய விரும்புவோர் பகத்தலை வீதியின் 33ஆம் ஒழுங்கைக்குப் போக வேண்டும். அது மாளிகையாகத் தொடங்கியதன்று. ஒரு முட்டு ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளில் மூன்றாவதை அவர் 1958இல் எடுத்துக்கொண்டார். பின்னர் நான்காவது, ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து எஞ்சிய இரண்டும். நான்கையும் ஒன்றாக்கியபோது அவர் கூரையை முழுவதும் மூடிவிடவில்லை. இங்குமங்குமாக வானம் பார்த்த சிறு முற்றங்களை விட்டார். நீண்ட வெண்ணிற நடையொன்றில் நுழைகிறோம், அகலம் அதிகமில்லை, ஆனால் தூரத்தே மேலிருந்து இறங்கும் வெளிச்சம் நம் கண்ணை அழைத்துச் செல்கிறது. கண் போகும் தூரம்வரை மனமும் போகிறது. நெருக்கம் தோன்றுவதில்லை.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. நடுமுற்றத்தில் விழும் வெயில்தானே அவ்வீடுகளின் இருண்ட அறைகளுக்கு மூச்சு! பழகியதனால் மறந்துபோனதை அந்த வீடு எனக்கு நினைவூட்டிற்று. அப்போதுதான் என் பழைய கணக்குக்கு விடையும் கிடைத்தது. கொட்டாஞ்சேனைக் குழாயடியில் அம்மாவின் கண்ணுக்குப் போக ஓர் இடம் இருந்தது: மேலே. வெள்ளவத்தையில் அவர் கண் எங்கு திரும்பினாலும் முட்டிக்கொண்டது. பன்னிரண்டு முப்பத்தைந்திலும் பெரிதானது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக யன்னற்படியின் போத்தல்களை அகற்றித் தடித்த தாளைக் கிழித்தேன். நான்காம் மாடியில் கூரையைத் திறக்க இயலாது. ஆனால் உயரத்தில் இருந்த அந்த யன்னலில், ஒளியை விட்டு உருவத்தை மறைக்கும் பனிக்கண்ணாடிச் சட்டங்களைச் சரிவாகப் பொருத்தலாம். அவற்றின் சாய்வு மேல்நோக்கியிருந்தால், எதிர்வீட்டார்க்கு நாம் தெரியமாட்டோம். நமக்கு ஒரு கீற்று வானம் தெரியும். கடற்காற்றும் வரும், ஈரமும் பூஞ்சணமும் தங்கா. கரும்பழுப்பு மாபிளை அகற்றி, வெளிர்நிறப் பெரிய ஓடுகளைச் சுவரில் பதித்தோம். நல்ல வெண்மையான பரப்பு தன்மீது விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பித் தரும். கருநிறமோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். பெரிய ஓடானால் இணைப்புக் கோடுகள் குறைவு. கண் தடையின்றி ஓடும்.

தரைக்கோ அந்த விதி பொருந்தாது. அங்கே பளபளப்பில்லாத, சொரசொரப்பான சிறிய ஓடுகளைப் பதித்தோம். இணைப்புக் கோடுகள் மிகுந்திருப்பதால் பாதம் பிடிகொள்ளும். அறை முழுவதும் ஒரே ஓடு, ஒரே மட்டம். நடுவே படியோ வரம்போ இல்லை. கிணற்றடித் தரையைப் போல அடிக்குக் கால் அங்குலம் வீதம் ஒரு மூலையை நோக்கிச் சரிவு. ஓடு பதிக்குமுன் நீர் கசியாத பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுவதும் நீரைக் கட்டி நிறுத்திச் சோதித்தார் பாஸ். கீழ்வீட்டாரின் கூரையில் ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பின்னரே மேற்கொண்டு வேலை நடந்தது. மாடிவீட்டில் வாழ்வோர் எவரும் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாகாது.

சிறிய இடத்தைப் பயன்படுத்துவதில் தேர்ந்தவர்கள் யப்பானியர். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விழாவையொட்டி எழுந்த நியூ ஒட்டானி விடுதியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுக்கு, குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அது விரைவுக்காகச் செய்த ஏற்பாடு. அவர்களது வீடுகளில் நான் வியப்பது வேறொன்றை: மலசலகூடத்தைக் குளிக்கும் இடத்திலிருந்து பெரும்பாலும் பிரித்தே வைக்கிறார்கள். நமக்கு அதற்கு இடமில்லை. ஆனால் நனையும் பகுதியை யன்னற்பக்கமும் நனையாத பகுதியைக் கதவுப்பக்கமும் ஒதுக்கி, இடையில் ஒரு திரையைத் தொங்கவிட்டோம். குளிக்காத வேளையில் திரை சுவரோரம் ஒதுங்கிவிடும். எனவே அறை இரண்டாகப் பிரிந்தாலும் சிறுத்துவிடவில்லை.

சுவரளவு கண்ணாடியையும் கழற்றினோம். அதற்குப் பதிலாக முகமளவு கண்ணாடி ஒன்று, யன்னலுக்கு எதிரே, முகங்கழுவும் தொட்டியின் மேல் இடம்பெற்றது. அது வானத்தின் துண்டு ஒன்றை அறைக்குள் கொண்டுவருகிறது, குளிப்பவரைக் காட்டுவதில்லை. நீர் விழும் இடத்தருகே 34 அங்குல உயரத்தில், துருப்பிடிக்காத உருக்கினாலான கைபிடி ஒன்றை ஆழப் பொருத்தினோம். வெள்ளவத்தையின் உப்புக்காற்று சாதாரண இரும்பைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். துவாய் போடும் கம்பியைக் கைபிடியாக நம்பிப் பிடிப்பது பெரும் ஆபத்து என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சுவரோடு மடங்கும் இருக்கை ஒன்றும் வந்தது. அம்மா குளிக்கும்போது விரியும், மற்றவர்கள் குளிக்கும்போது மடங்கும்.

வாளிக்கு ஓர் இடம்

வேலை முடிந்த மறுநாளும் அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் வற்புறுத்தவுமில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. காலை வெயில் பனிக்கண்ணாடியின் சரிவு வழியே இறங்கி, சுவரில் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. அம்மா வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார். பாதத்தால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். கைபிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பின்னர் என் மனைவியிடம், "பிள்ளை, அரப்பு எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

முக்கால் மணி நேரம் நீர் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவரவர் வேலையைச் செய்வது போல நாங்கள் நடித்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது, வெளிநோக்கித் திறந்தது. ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்த அம்மா கேட்ட முதற்கேள்வி என்னைத் திகைக்க வைத்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. உந்தத் தண்ணி எந்த வாழைக்குப் போகுது?"

என்ன சொல்வேன்? கொழும்பு நகரின் கழிவுநீர், வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலடியில் நீண்டு செல்லும் பெருங்குழாய்கள் வழியே கடலுக்குள் விடப்படுகிறது. "கடலுக்கம்மா" என்றேன். அம்மா நம்ப முடியாதவர் போல என்னைப் பார்த்தார். நல்ல தண்ணீர் அத்தனையும் ஒரு செடியையேனும் நனைக்காமல் உப்புக்கடலில் கலப்பதை, நீர்வேலியில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவரால் எவ்வாறு ஏற்றுக்கொள்ள முடியும்?

அடுத்த நாள் அம்மா குளியலறைக்குள்ளே ஒரு பழைய வாளியை எடுத்துச் சென்றார். சவர்க்காரம் போடுவதற்கு முன் மேலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி அந்த வாளியில் விழும்படி அவர் எப்படியோ ஒரு வகை செய்துகொண்டார். அந்த நீர் எங்கள் பலகணியில் தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்குப் போகிறது. கன்று இப்போது இடுப்பளவு வளர்ந்துவிட்டது. குழம்பு தாளிக்கும்போதெல்லாம் என் மனைவி அதிலே ஒரு கொத்து ஒடிப்பாள்.

சிறிய குளியலறையை விசாலமாக்க விரும்புவோர் அதிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும் என்று மேலே எழுதினேன். அதில் மாற்றமில்லை. கதவைத் திருப்புங்கள், தரையைக் கண்ணுக்குக் காட்டுங்கள், யன்னலைத் திறந்து வெளிச்சத்துக்கு வழிவிடுங்கள். ஆனால் இவற்றையெல்லாம் தொடங்குமுன், அந்த வீட்டிலே குளிப்பதற்கு அதிக நேரம் எடுப்பவர் யார் என்று பார்த்து, அவரை வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தை கேளுங்கள். நான் முதலில் கடைக்காரரைக் கேட்டேன். அதனால் ஒரு மணிக்கட்டு முறிந்தது.

எங்கள் குளியலறையில் இன்று தரையிலே நிற்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பழைய வாளி. பாஸ் ஒருநாள் குழாய் பார்க்க வந்தபோது, "இவ்வளவு இடம் எடுத்துத் தந்தேன், பிறகும் வாளியைக் கொண்டுவந்து வச்சிட்டீங்களே, சேர்" என்று குறைப்பட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. அந்த வாளிக்குத்தான் அத்தனை இடமும் எடுத்தோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.